கோபம், தரம் இரண்டு

தாளில் தன் பெயருக்குக் கீழே எழுதியிருந்ததை முனிகிருஷ்ணன் மூன்று முறை படித்தார். ‘பங்கேற்பாளர் எண் 17. புதிய பக்கவிளைவு: கோபம். தரம்: ஒன்று.’

“என்னம்மா இது?”

“நீங்க சொன்னதுதானே அங்கிள்,” என்றாள் லவினா. ஹெப்பகோடியில் இருந்த அந்த மருந்து ஆராய்ச்சி மையத்தில், பரிசோதனைக்கு வருகிறவர்கள் சொல்லும் உபாதைகளையும், அவற்றின் கடுமைக்கு ஏற்ற தர எண்ணையும் எழுதிக்கொள்வது அவள் வேலை. “எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். கோபம் கோபமா வருதுன்னு சொன்னீங்க.”

“வராம என்ன செய்யும்? காலையில அஞ்சரைக்கு ஜீவனஹள்ளியில பஸ் ஏறினவன் நான். வெறும் வயித்துல ரத்தம் எடுத்தீங்க. மாத்திரையை முழுங்க வச்சீங்க. எட்டு மணிக்கு வரவேண்டிய இட்லி வண்டி பதினோரு மணியாகியும் சில்க் போர்டு சிக்னல்ல நிக்குதுங்கிறீங்க. அந்த இட்லிக்கு வந்த கோபம்மா இது! மருந்துக்கு இல்ல.”

“காரணத்தைக் கமிட்டி முடிவு பண்ணும் அங்கிள். சொன்னதை அப்படியே எழுதணும். அதுதான் ரூல்.”

முனிகிருஷ்ணன் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் செய்கிறவர். எட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இனிமேல் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்ட நேரத்தில்தான் இந்தப் பரிசோதனை பற்றித் தெரியவந்தது. ஏதோ ஒரு மலைக்கொடியின் இலைச்சாற்றை மாத்திரையாக்கியிருந்தார்கள். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை; மீதிப் பேருக்கு அதே நிறத்தில் பழைய மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுக்கிறவர்களுக்கே தெரியாது. முனிகிருஷ்ணனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. இருநூற்று நாற்பதில் நின்றிருந்த அவருடைய சர்க்கரை மூன்றே வாரத்தில் நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது. அந்த ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிக்ஸி கொண்டுவருகிற எல்லோருக்கும் காட்டினார்.

“அந்தக் கோபத்தை அடிச்சிடும்மா,” என்றார்.

“அடிக்க முடியாது அங்கிள்.”

“நான் சொன்னதை நானே வாபஸ் வாங்குறேன்.”

“அதுக்கு ஃபார்ம் இல்ல.”

இந்த இடத்தில் முனிகிருஷ்ணன் மேசையைத் தட்டினார். பெரிதாக ஒன்றும் இல்லை. பேனா ஸ்டாண்டு மட்டும் கவிழ்ந்து, பேனாக்கள் உருண்டு கீழே விழுந்தன. லவினா குனிந்து ஒரு பேனாவைப் பொறுக்கினாள். ‘ஒன்று’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘இரண்டு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“அடிக்க முடியாதுன்னு சொன்னியே?”

“கூட்டலாம் அங்கிள். குறைக்கத்தான் முடியாது.”

“மூணு ஆனா என்ன ஆகும்?”

“மருந்தை நிறுத்திடுவாங்க.”

ஒரு வாரம் யோசித்ததில் முனிகிருஷ்ணனுக்கு ஒரு வழி புலப்பட்டது. கோபம் மருந்தால் வரவில்லை, தன் கூடவே பிறந்தது என்று நிரூபித்துவிட்டால் போதும். அடுத்த முறை மனைவி ஜானகியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸிலேயே பாடம் நடந்தது.

“கேட்டாங்கன்னா, கல்யாணம் ஆன நாள்லேருந்தே இவரு சிடுமூஞ்சின்னு சொல்லு.”

“என் வாயால அப்படிச் சொல்லணுமா?”

“நீ சொன்னாத்தான் நம்புவாங்க.”

அன்றும் ரத்தம், மாத்திரை, காத்திருப்பு. பதினோரு மணிக்குப் பரிசோதனையின் பொறுப்பு டாக்டரான கிருத்திகா இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

“வீட்டுல இவர் எப்படிம்மா?”

ஜானகி டாக்டரைப் பார்த்தாள். பேனாவும் கையுமாக நின்ற லவினாவைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். முன்பின் தெரியாதவர்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

“தங்கமான மனுஷன் மேடம். முப்பது வருஷத்துல என்னை ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. கடைக்கு வர்றவங்க என்ன பேசினாலும் சிரிச்சிட்டே இருப்பாரு. இப்பதான் ஒரு மாசமா, பதினோரு மணி ஆனா போதும், கடையிலேருந்து போன் பண்ணிக் கத்துறாரு. போன வாரம் சட்னியில உப்பு இல்லன்னு. முந்தாநாள், போனை ஏன் எடுத்தேன்னு.”

“ஜானகி!”

அவர் போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லவினா எழுதினாள்: ‘மருந்து தொடங்கிய பிறகு தோன்றியது. மனைவி உறுதி செய்கிறார். டாக்டர் முன்னிலையிலும் காணப்பட்டது.’

“உண்மையைத்தானேங்க சொன்னேன்,” என்றாள் ஜானகி, திரும்பும் பஸ்ஸில்.

“உன்னை யாருடி உண்மையைக் கேட்டது?”

நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. மருந்துப் பாதுகாப்புக் கமிட்டி கூடுகிறது; பங்கேற்பாளர் எண் 17 வழக்கமான பரிசோதனையை முடித்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு நேரில் வரவும்.

முனிகிருஷ்ணன் ஒரு முடிவோடு போனார். இட்லி வரட்டும், வராமல் போகட்டும். யார் என்ன சொன்னாலும் சிரிப்பது.

இட்லி வரவில்லை. பத்து மணிக் கமிட்டி பதினொன்றே காலுக்குத்தான் அவரை உள்ளே விட்டது. நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். ஓரத்தில் டாக்டர் கிருத்திகா, அவர் பக்கத்தில் லவினா. முனிகிருஷ்ணன் நடுங்கிய கைகளை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் சிரிக்கிறீங்க?” என்று கேட்டார் தலைவர்.

“சந்தோஷமா இருக்கேன் சார்.”

“ஏசி ஓடுது. இப்படி வேர்க்குதே?”

“சந்தோஷத்துலதான் சார்.”

லவினா எழுதினாள்: ‘காரணமில்லாத சிரிப்பு. புதியது.’

எதிர்ப்பக்கத்திலிருந்தே தலைகீழாக முனிகிருஷ்ணன் அதைப் படித்துவிட்டார். சிரிப்பு போயிற்று.

மூன்று பேரும் தலையை ஒன்றாக வைத்துப் பேசிக்கொண்டார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “மருந்து இவர் மனநிலையைப் பாதிக்குதுன்னு தோணுது. தரம் மூணுன்னு போடுங்க. இன்னையோட நிறுத்திடலாம்.”

முனிகிருஷ்ணன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நிறுத்துவீங்களா? எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் சார் என் உடம்பு என் பேச்சைக் கேக்குது! ரத்தம் கேட்டீங்க, கையை நீட்டினேன். மாத்திரை குடுத்தீங்க, என்ன ஏதுன்னு கேக்காம முழுங்கினேன். புது மருந்தைப் போட்டுப் பாக்க எங்க உடம்பு வேணும். ஆனா அந்த உடம்புல இருக்குற வாய் மட்டும் பேசக் கூடாதா? பசிக்குதுன்னு ஒரு மனுஷன் சொன்னா அதுக்குப் பேரு வியாதியா? உங்களுக்குக் காபி ஒரு மணி நேரம் லேட்டானா நீங்க கத்த மாட்டீங்க? அப்ப யாரு எழுதுவா தரம் மூணுன்னு?”

ஆட்காட்டி விரலை நீட்டி, மூன்று பேருக்கும் வரிசையாக ஆட்டினார். டாக்டர் கிருத்திகா தலையைக் குனிந்துகொண்டார். லவினாவின் பேனா முதல் தடவையாக நின்றது.

அந்த நேரத்தில், காலையில் எடுத்த ரத்த மாதிரிகளுக்கு டாக்டரிடம் கையெழுத்து வாங்க லேப் டெக்னீஷியன் உமேஷ் தட்டோடு உள்ளே வந்தார். முனிகிருஷ்ணனின் வேர்த்த முகத்தைப் பார்த்தார். காற்றில் ஆடிக்கொண்டிருந்த விரலைப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த விரலை லபக்கென்று பிடித்துப் பஞ்சால் துடைத்து ஒரு குத்துக் குத்தினார்.

“யோவ்! என்னய்யா பண்றே?”

தட்டிலிருந்த சின்னக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் பட்டதும் அது ‘பீப்’ என்றது. உமேஷ் அதைத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

“சார், இது கோபமே இல்ல, சுகர் ஐம்பத்திரண்டுக்கு இறங்கியிருக்கு, இப்படி இறங்கினா எங்கப்பாவும் பாக்குறவங்களை எல்லாம் திட்டுவாரு. உங்க மாத்திரை ஓவரா வேலை செய்யுது, அண்ணே, நீங்க வாயைத் தொறங்க, குளுக்கோஸ் போடுறேன்!”