நிற்காத லிஃப்டும் ஒரு மன்னிப்பும்

வியன்னா,
அக்டோபர் 14

பெருமதிப்பிற்குரிய வணிகப் பேராலோசகர் திரு. ஹெல்முட் பிண்டர் அவர்களின் மேலான கவனத்திற்கு,

தங்கள் தங்கை கணவன் ஓட்மார் நவ்ராட்டில் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் டிராவ்டியும் சுகம். லின்ஸில் தாங்களும், தங்கள் இல்லத்தரசியாரும், போன முறை என் காலுறையைத் தின்ற தங்கள் நாயும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

மேலே தங்கள் பட்டத்தைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பீர்கள். குடியரசு தங்களுக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாளும் நான் அதைச் சொல்லி அழைத்ததில்லை. போதாக்குறைக்குத் தங்கள் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் விருந்தில், அறுபது பேர் முன்னிலையில் கோப்பையைத் தூக்கி, "நம்ம பொத்தான்காரன் ஹெல்முட்டுக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், பாதிரியார் உட்பட. தாங்கள் சிரிக்கவில்லை. டிராவ்டியும் சிரிக்கவில்லை.

அன்றைக்கு மூடிய வாயை அவள் பதினோரு நாள் திறக்கவில்லை. தினமும் கீரையும் முட்டையும்தான் சாப்பாடு. மூடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் சொன்னாள்: "என் அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டு, பட்டத்தோட கடிதம் எழுது. இல்லன்னா நகரமன்றத்துல உன் பக்கத்துல உட்கார மாட்டேன்."

கல்யாணமாகி ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த ஜோடிகளை நகரமன்றத்துக்குக் கூப்பிட்டு, சரவிளக்கு மண்டபத்தில் உட்காரவைத்து, வயலின் வாசித்து, படம் எடுத்து அனுப்புவார்கள் அல்லவா, எங்கள் முறை புதன்கிழமை பதினோரு மணிக்கு. நாற்பது ஜோடிகளுக்கு நடுவில் என் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாக இருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? இதை நினைத்து எனக்கு மூன்று நாள் தூக்கமில்லை. ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை டிராமில் போனோம், வேறு வேறு இருக்கையில். முப்பத்தொரு வருடம் அந்தக் கட்டடத்தைச் சுற்றி டிராம் ஓட்டியவன் நான். கோபுரத்து உச்சியில் சிலையாக நிற்கும் இரும்பு மனிதனுக்கு என் தொப்பியைத் தெரியும். உள்ளே மட்டும் போனதில்லை. வாசற்காவலரிடம் வழி கேட்கச் சொல்லி டிராவ்டி கையைக் காட்டினாள். என் வழியில் இருக்கிற கட்டடத்துக்கு எனக்கே வழி சொல்ல ஆள் வேண்டுமா என்று விறுவிறுவென்று நடந்தேன். பலன், அரை மணி நேரம் கூர்வளைவுத் தாழ்வாரங்களில் சுற்றினோம். வெளியே பார்த்தால் தேவாலயம், உள்ளே கதவுக்குக் கதவு குமாஸ்தா. ஒரு கதவைத் திறந்து இதுதான் விழா மண்டபமா என்று கேட்டேன். அது நாய் வரி கட்டும் இடம். கடைசியில் அந்த லிஃப்ட் முன்னால் வந்து நின்றோம்.

தாங்கள் பார்த்திருப்பீர்கள். கதவு கிடையாது, நிற்பது என்கிற பேச்சும் கிடையாது. ஒரு பக்கம் பெட்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டே இருக்கும், மறு பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஓடும்போதே காலை வைத்து ஏற வேண்டும். டிராவ்டி பாவாடையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள். நான் ஒரு காலைத் தூக்கினேன், கீழே வைத்தேன். ஓடும் வண்டியில் ஏறாதீர்கள் என்று முப்பத்தொரு வருடம் இந்த ஊர் ஜனங்களை அதட்டிய வாய் இது. கால் எப்படிக் கேட்கும்?

மேல் மாடியில் இறங்கிப் படிவழியாக வருவாள் என்று நின்றேன். சற்று நேரத்தில் இறங்கும் பக்கத்தில் நீலச் செருப்பு தெரிந்தது, பிறகு பாவாடை, கடைசியில் முகம். இறங்கச் சொன்னேன். "பயமா இருக்கு" என்றபடியே நிலவறைக்குள் போய்விட்டாள். பதினோரு நாளில் முதல் வார்த்தை. அடுத்த நிமிஷம் ஏறும் பக்கத்தில் தொப்பி முளைத்தது. "கடிதம் எழுதுவியா?" என்றாள். பதில் சொல்வதற்குள் செருப்பும் மேலே போய்விட்டது.

கோப்புகளோடு வந்த ஒல்லியான அலுவலர் ஒருவர், சிவப்பு விசையை அழுத்தி நிறுத்தட்டுமா என்று கேட்டார். மணி அடித்து ஊரைக் கூட்ட வேண்டாம் என்று இறங்கும் பெட்டியிலிருந்து அவளே தடுத்துவிட்டாள். ஆகவே ஒரு சுற்றுக்கு ஒரு பேச்சு என்று எங்கள் சண்டை நடந்தது. பொத்தான் விற்பவனைப் பொத்தான்காரன் என்று சொன்னால் என்ன தப்பு என்று நான் கேட்டேன். அவள் போய்ச் சுற்றிவிட்டு வந்து சொன்னாள்:

"பதினாலு வயசுல மூட்டை தூக்கப் போனவன் அவன். பள்ளிக்கூடம் அவனுக்குக் கொடுக்காததை அந்தப் பட்டம் கொடுத்துச்சு. அது உனக்கு ஏன் உறுத்துது?"

யோசிக்க ஒரு முழுச் சுற்று இருந்தது. வீட்டில் அவ்வளவு நேரம் எனக்குக் கிடைப்பதில்லை. செருப்பு தெரிந்ததும் உண்மையைச் சொன்னேன். "பொறாமைதான், டிராவ்டி. ஓய்வு பெற்ற அன்னைக்கு ஒரு கடிகாரம் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் என்னை யாரும் எந்தப் பட்டமும் சொல்லிக் கூப்பிடல." அவள் காதில் விழவில்லையாம். ஏறும் பக்கத்தில் வந்தபோது மறுபடியும், உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் ஏழு குமாஸ்தாக்கள் கூடியிருந்தார்கள், நாய் வரிக்காரர் உட்பட.

மணி பத்து ஐம்பத்தேழு. எழுதுகிறேன், முழுப் பட்டத்தோடு எழுதுகிறேன் என்று கத்தினேன். "உள்ள வந்து சொல்லு" என்றாள். அந்த ஒல்லி மனிதர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு காலை வைத்தேன். ஏறிவிட்டேன், ஹெல்முட்! ஏறத் தெரிந்த எனக்கு இறங்கத் தெரியவில்லை. உச்சிக்குப் போய்விட்டோம். அங்கே கும்மிருட்டு, பெரிய சக்கரங்கள் கிறீச்சிட்டன. தலைகீழாகத்தான் இறங்கப்போகிறோம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பெட்டி சாதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து இறங்கியது. டிராவ்டி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அடுத்த சுற்றில் இரண்டு குமாஸ்தாக்கள் என்னைக் கோட்டைப் பிடித்து வெளியே இழுத்தார்கள், டிராவ்டியும் கூடவே இறங்கிவிட்டாள்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது வரவேற்புரை பாதி முடிந்திருந்தது. முப்பத்தொன்பது ஜோடிகளும் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இல்லை. படம் இத்துடன் இருக்கிறது. என் கழுத்துப்பட்டை முதுகுப் பக்கம் கிடப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஆகவே, வணிகப் பேராலோசகர் அவர்களே, பொத்தான்காரன் என்று சொன்னதற்கு முழு மனதுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தங்களுக்கும் குடும்பத்தாருக்கும் எல்லா நன்மையும் உண்டாகுக. நாய்க்கும்தான்.

தாழ்மையுள்ள,
ஓட்மார் நவ்ராட்டில்

பி.கு.: ஹெல்முட், பிழை பார்க்கச் சொல்லி இதை டிராவ்டியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பயமா? எனக்கா? நினைச்சிருந்தா முதல் சுத்துலயே இறங்கியிருப்பேன். வீட்டுல ஒண்ணு கேட்டா நீ பேப்பரை விரிச்சுடுவ. அங்க ஒவ்வொரு சுத்துக்கும் பதில் சொன்ன. அதான் இறங்கல" என்கிறாள். ஏமாற்றி வாங்கிய வாக்கு செல்லாது. மேலே உள்ள மன்னிப்பு முழுவதையும் இத்துடன் திரும்பப் பெறுகிறேன், பொத்தான்காரா. வரும் வியாழக்கிழமை மறுபடியும் அங்கே போகிறோம். இந்த முறை பெட்டியில் சுற்றப்போவது நான், கீழே நின்று பதில் சொல்லப்போவது அவள். எனக்கும் ஐம்பது வருடத்துக் கேள்விகள் இருக்கின்றன.