நட்சத்திரத்துக்கு என்ன நட்சத்திரம்?

"நாலு மணிக்குள்ள பேரை அனுப்பணுங்க. இல்லாட்டி தொலைநோக்கி போச்சு," என்றார் ஜீவராணி டீச்சர்.

ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. பெற்றோர் கூட்டம். புதிதாய்க் கண்டுபிடித்த ஒரு நட்சத்திரத்துக்குப் பேர் கேட்டு வெளிநாட்டு வானியல் சங்கம் ஒன்று எழுதியிருந்தது. தேர்வாகும் பேரை அனுப்பிய பாடசாலைக்குத் தொலைநோக்கி பரிசு. டீச்சர் மூன்று வருடமாய்ச் சனிக்கிரகத்தைக் கரும்பலகையில் வரைந்துதான் காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க தொழிற்சங்கத் தலைவர் பேரை வைங்க," என்றார் இராமையா.

"ஏன், எங்க தலைவருக்கு என்ன கொறச்சல்?" மற்றச் சங்கத்து துஷாந்த் எழுந்தார்.

கதிரைகள் நகர்ந்தன. சண்டையை அமர்த்த டீச்சர் உண்மையைச் சொன்னார்.

"இது ரொம்ப மங்கலுங்க. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாதா? அப்ப அவங்க தலைவர் பேரையே வைங்க. பொருத்தமா இருக்கும்," என்றார் இராமையா.

துஷாந்த் சட்டைக் கையை மடித்தார்.

"பொறுங்க! தூரத்துல இருக்கறதாலதான் அப்படி. கிட்டப் போனா சூரியனைவிடப் பெருசு!" என்றார் டீச்சர்.

"அப்ப எங்க தலைவர்தான்!" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

மணி மூன்றரை. வேறு வழியில்லாமல் டீச்சர் கோயில் பூசாரியைக் கூப்பிட்டார். அவர் வந்து பஞ்சாங்கத்தை விரித்தார்.

"மொத எழுத்துப் பாக்கணும். என்ன நட்சத்திரத்துல பொறந்துச்சு?"

"சாமி, அதுவே நட்சத்திரந்தானுங்க."

"அது சரிம்மா. அதோட நட்சத்திரம் என்ன?"

"மகம்! எங்க தலைவர் மகம்," என்றார் இராமையா.

"கார்த்திகை!" என்றார் துஷாந்த்.

பாடசாலையில் சமைக்கும் ராக்கம்மா பிளேன்டீத் தட்டை மேசையில் வைத்தார்.

"டீச்சர், சோகையான புள்ளைக்கு நாம என்ன செய்வோம்? குப்பையில உருட்டி எடுத்து, குப்பாயின்னு பேரு வைப்போம். எமனும் சீந்த மாட்டான், கண்ணும் படாது. இதுவும் சோகைதானே?"

எந்தத் தலைவருக்கும் அந்தப் பேர் இல்லை. கூட்டம் உடனே சம்மதித்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பேரும் காரணமும் போய்ச் சேர்ந்தன.

ஐந்து மாதத்தில் குப்பாயி தேர்வானாள். தொலைநோக்கிப் பெட்டி வந்து இறங்கிய நேரம் டீச்சர் வகுப்பில் இருந்தார். ராக்கம்மாதான் வாங்கப் போனார்.

"அடையாள அட்டையைக் காட்டுங்கம்மா," என்றான் பார்சல் கொண்டுவந்த மிப்ரான்.

"அட்டை எதுக்குத் தம்பி? கையெழுத்துப் போட்டாப் போதாதா?"

"காட்டத்தான் வேணும்."

ராக்கம்மா மெதுவாக எடுத்து நீட்டினார். அதற்குள் டீச்சர் ஓடிவந்தார்.

"ராக்கம்மாக்காகிட்டயே குடுங்க தம்பி, நம்ம ஆளுதான்."

மிப்ரான் அட்டையை இன்னொரு தரம் பார்த்தான்.

"ராக்கம்மாவா? இதுல குப்பாயின்னுல்ல டீச்சர் போட்டிருக்கு!"