எண்பத்தேழாம் எண் ஜெர்சி புகு படலம்

ஆறடி ஏழங்குல நெடுமேனியனை, நின்ற இடத்தினின்று எழும்பிக் கூடைப்பந்து வளையத்தைக் குனிந்து நோக்கிய தாவுதாளினனை, நாற்பது கஜத் தூரத்தை நாலரை நொடியில் விழுங்கிவிட்டு, மூச்சும் வாங்காமல், "அவ்வளவுதானா கோச்?" என்று கேட்ட குன்றா விரைவினனை, டால்பர்ட் ஃபெரி கல்லூரிக் கோவேறு கழுதைப் படையின் புத்தம் புது வரவை, தெரன் மக்லெமோர் என்னும் திருப்பெயரானை வணங்கி வாழ்த்தித் தொடங்குகிறேன். எம் சலவைக்கூடத்துள் எழுந்தருளி, நாளொன்றுக்கு நூற்றுப்பத்துச் சோடிக் காலுறைகளை உண்டு, நூற்றொன்பதரைச் சோடியை மட்டும் திருப்பித் தந்தருளும் மூன்று பெரும் உலர்த்திகளே, அடியேன் நாத் தடுமாறாமல் காத்தருள்க. அந்த அரைச் சோடியைப் பற்றி இப்போது நான் ஒன்றும் கேட்கவில்லை.

அடியேன் பத்தொன்பது வருஷமாய் இந்த அணியின் அழுக்கைத் துவைத்து மடிப்பவன். சலவைக்கூடத்துக்கும் வீரர்கள் உடைமாற்றும் அறைக்கும் நடுவே முழ அகலத்தில் ஒரு ஜன்னல் உண்டு. தோள்களின் கொழுப்பையும் தோல்விகளின் கண்ணீரையும் அவ்வழியே எத்தனையோ கண்டிருக்கிறேன். ஆனால் ஏப்ரல் மாதத்து அந்த வியாழக்கிழமைப் பிற்பகல் கண்ட போரைப் போல் ஒன்றை, சத்தியமாய்ச் சொல்கிறேன், கண்டதே இல்லை.

போருக்கு முன்னே புகழ். தெரனின் புகழ் எங்கள் அலபாமாச் சிற்றூரில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. முடிதிருத்தும் கடையில் அரைத்தலை மழித்த கோலத்தோடு எழுந்து நின்று அவன் தாவலை நடித்துக் காட்டியவர் உண்டு. விசுவாசம் மலையைப் பெயர்க்கும் என்ற இடத்தில், போதகர் பிரசங்கத்தின் நடுவே அவன் பெயரைச் செருகியதும் உண்டு. கெளுத்தி மீன் பொரிக்கிற ஓபல் அக்கா தன் கடைவாசலில் அவன் உயரத்துக்கு ஒரு கோடு கிழித்து வைத்து, வருகிறவன் போகிறவனையெல்லாம் அளந்து பார்த்து, "ம்ஹூம், நீ தேறமாட்ட" என்று அனுப்பினாள். எல்லாருடைய பேச்சும் ஒரே இடத்தில் போய் முடியும்: "இந்தப் பய மட்டும் ஆட்டத்தக் கத்துக்கிட்டான்னா இருக்கு பாரு!"

ஐயோ, அந்த 'மட்டும்'! மார்ச் மாதம் வரை கூடைப்பந்தும் உயரந்தாண்டலும் தவிர வேறொன்றறியாதவன் நம் நாயகன். கையால் ஆடிவிட்டுக் கால்பந்து என்று பேர் சொல்கிற எங்கள் தேசத்து ஆட்டத்துக்குள் அவன் வந்து பத்தே நாள். இடப்பக்கம் ஓடு என்றால், "யாரோட இடப்பக்கம் கோச்?" என்பான். முதல் நாட்களில் ஹெல்மெட் மட்டும் போட்டுப் பழகினார்கள். தோள்கவசம் பூட்டி, மேலே ஜெர்சி அணிந்து இறங்கும் முதல் நாள் இந்த வியாழன்தான்.

அன்று காலை, சோளக்கூழும் வறுத்த பன்றியிறைச்சியும் மணக்கும் உணவுக்கூடத்தில், நாற்காலி மீதேறி நின்று, பெருந்தொண்டையர் கோச் பர்ல் டில்லார்ட் பிரகடனம் செய்தார்:

"கேளுங்கடா கழுதைங்களா! சனிக்கிழமை ஆட்டத்த ஊரே பாக்க வருது. ஆஸ்பி இடத்துல இன்னிக்கு மக்லெமோர இறக்கிப் பாக்கப்போறேன். சரியா ஆடுனா சனிக்கிழமையும் அவன்தான். சொதப்புனா ஆஸ்பி. நாலு மணிக்கு ஹாரன் அடிக்கும். அடிக்கும்போது மைதானத்து வெள்ளைக் கோட்டுல கால் இல்லாதவன் எவனா இருந்தாலும் சனிக்கிழமை பெஞ்சு! எங்கம்மா லேட்டா வந்தாலும் பெஞ்சு!"

தெரனுடைய தாயோ, மகன் ஆடுவதைக் காண இரண்டு சித்திமாரையும் கூட்டிக்கொண்டு மொபைல் நகரிலிருந்து பஸ் ஏறுவதாகச் சொல்லிவிட்டாள். மூவருக்கும் கழுதை படம் போட்ட தொப்பியும் வாங்கியாயிற்று. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்க்கவா மூன்று தொப்பி?

இனி அந்த ஆஸ்பி யார் என்று கேட்பீராயின், க்விண்டன் ஆஸ்பி, எண்பத்தாறாம் எண்ணன், நாலாண்டு அணியில் கழித்து ஐந்தாம் ஆண்டுக்கும் திரும்பி வந்தவன், இருமுறை கத்தி கண்ட வலமுழங்காலன், நடக்கையில் அக்கால் எழுப்பும் 'டக்' என்னும் ஓசையால் தன் வரவைத் தானே அறிவிப்பவன். பந்து பிடித்தோடும் அந்த இடத்தை அடைய மூன்றாண்டு பெஞ்சில் காத்திருந்தான். நாலாம் ஆண்டுதான் கிடைத்தது. தெரனின் லாக்கருக்கு அடுத்த லாக்கர் அவனுடையது.

இங்கே குலவழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிரி பிடித்திழுக்க ஒரு விரல் துணியும் அகப்படாதபடி, எங்கள் ஜெர்சிகள் பலாப்பழத்துக்குத் தலையணை உறை மாட்டியதுபோல் இறுக்கமாய் இருக்கும். தானாய்ப் போட்டுக்கொண்டவன் கிடையாது, தானாய்க் கழற்றியவனும் கிடையாது. அடுத்த லாக்கர்க்காரன் முதுகுப்பக்கம் பிடித்து இழுத்துவிடுவான், இவன் அவனுக்கு இழுத்துவிடுவான். கேட்க வேண்டியதுகூட இல்லை, திரும்பி முதுகைக் காட்டினால் போதும்.

நம் நாயகன் காட்டவில்லை. ஊரே தன் ஆற்றலைப் பாடிக்கொண்டிருக்க, சட்டை போட்டுவிடச் சொல்லிக் கேட்பதா? அதிலும் எவன் இடத்தைப் பறிக்கப் போகிறானோ அவனிடமா? மாட்டேன் என்று மூலைக்குப் போனான். அறை காலியாகிவிட்டது என்று தோன்றும் வரை காலணிக் கயிற்றைக் கட்டி அவிழ்த்து, அவிழ்த்துக் கட்டினான். மூன்றே முக்காலுக்குப் போர் தொடங்கியது.

தோள்கவசத்தைப் பூட்டினான். வார்களை இறுக்கினான். பின்பு, கேட்கவே கூசும் அப்பெரும் பிழையைச் செய்தான்: கவசம் பூண்ட தோள்மேல் ஜெர்சியைத் தலைவழியே மாட்டினான்.

ஆ! அக்கணமே அச்செந்நிறச் சிறுதுணி, வாய்திறந்த பாதாளமென அவன் நெடுங்கையிரண்டையும் விழுங்கி, முடியையும் முகத்தையும் விழுங்கி, கவச விளிம்பிலே பல்லூன்றி நின்றது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கரங்கள் இரண்டும் கூரை நோக்கி உயர்ந்திருக்க, குருடனாய், ஊமையனாய், ஆறடி ஏழங்குலமும் அடங்கிய நம் நாயகன் அறை நடுவே நின்றான். முதற்படையெடுப்பில் முழுவலிமையும் கூட்டித் திமிறினான், உயர்ந்த கரங்கள் குழல்விளக்கைத் தாக்கின, விளக்கு கண்சிமிட்டியது. இரண்டாம் படையெடுப்பில், இக்கல்லூரி கண்டவற்றுள்ளேயே மிக உயரமான தாவல் ஒன்றைத் தாவினான். தாவினால் ஜெர்சி இறங்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. மூன்றாம் படையெடுப்பில் தோளைச் சுவரில் தேய்த்தபடி முன்னேறி, தண்ணீர்த் தொட்டியோடு நெஞ்சோடு நெஞ்சு மோதி, அதனிடம், "சாரிண்ணே" என்று மன்னிப்புக் கேட்டான்.

நீ ஏனய்யா போய் உதவவில்லை என்று என்னைக் கேட்கலாம். அணியின் சின்னமான துணிக்கழுதையின் வால் அப்போது என் இரு கைகளிலும் ஈரமாய் இருந்தது. அதைப் பாதியில் விட்டால் முறுக்கிக்கொள்ளும். தவிர, சென்ற வாரம் இவனுடைய எண்பத்தேழாம் எண் ஜெர்சியைத் தவறுதலாய் வெந்நீரில் போட்டுச் சுருக்கியது யார் என்ற ஆராய்ச்சி வேறு கிளம்பும். அது யாருக்கும் நல்லதில்லை.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. அறையில், வேறொருவன் முன்பே ஜெர்சி இழுத்துவிட்டுப் போன ஆஸ்பி ஒருவன்தான் மிச்சம். லாக்கர் மறைவில் ஒரு பெஞ்சில் குந்தி, முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தான். அத்தனையும் கண்டான்.

துணிக்குள்ளிருந்து அமுங்கிய குரல் ஒன்று எழுந்தது. "யாராச்சும் இருக்கீங்களாண்ணே?"

ஆஸ்பியின் நெஞ்சுக்குள் அப்போது ஓடியதை அடியேன் அறிவேன். அவன் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. எழுந்து நடந்தால் போதும். ஹாரன் அடிக்கும்போது தன் கால் கோட்டில் இருக்கும், பயலின் கால் இங்கே இருக்கும், சனிக்கிழமை பழையபடி அவன் சனிக்கிழமை. யாரும் குறை சொல்ல முடியாது. ஒரு வார்த்தை பொய்கூடச் சொல்ல வேண்டாம். ஹெல்மெட்டை எடுத்தான். எழுந்தான். டக், டக், டக். கதவு திறந்தது. கதவு மூடியது.

பாவி, போய்விட்டான் என்றே நினைத்தேன். கழுதையும் வேண்டாம், வாலும் வேண்டாம் என்று உதறிவிட்டுத் தலையை ஜன்னலுக்குள் நுழைத்தால், மூடிய கதவுக்கு இந்தப் பக்கமே ஆஸ்பி நின்றுகொண்டிருந்தான்.

"டேய் நெட்டை."

"அண்ணே!"

"கவசத்த மொதல்ல மாட்டிட்டியா?"

"ஆமாண்ணே. பின்ன எப்படி?"

"கவசத்தத் தரையில வச்சு, அதுக்கு மேல ஜெர்சியப் போட்டு, ரெண்டையும் சேத்துத் தலையில மாட்டணும்டா. அஞ்சாங்கிளாஸ் பையனுக்குத் தெரியும்."

"அஞ்சாங்கிளாஸ்ல நான் கூடைப்பந்து ஆடுனேண்ணே."

"வாய மூடு. குனி. இன்னும் குனி. எவ்வளவுடா வளந்து தொலைச்சிருக்க!"

அதன் பின் அங்கே நிகழ்ந்தது போரன்று, பிரசவம். ஆஸ்பி ஒரு காலைப் பெஞ்சில் ஊன்றி, நல்ல காலைத்தான், ஜெர்சியை மேல்நோக்கி உரித்தெடுத்தான். வியர்வை வழியத் தெரனின் தலை வெளியே வந்து உலகைக் கண்டது. வார்களை அவிழ்த்து, கவசத்தைத் தரையில் வைத்து, ஜெர்சியை அதற்கு உடுத்தி, இரண்டையும் ஒன்றாய்த் தூக்கி அவன் தலையில் கவிழ்த்து, முதுகுப்பக்கம் கைகொடுத்து ஒரே இழுப்பு. உட்கார்ந்துவிட்டது. எண்பத்தேழு என்ற எண் எங்கள் ஜன்னல் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. மணி மூன்று ஐம்பத்தொன்பது.

"ஓடு!"

"நீங்கண்ணே?"

"என் முட்டியப் பாத்துட்டா கேக்குற? ஓடுடா!"

ஓடினான் ஐயா! இருநூறு கஜத் தூரத்தை, நடுவே நின்ற புல்வெட்டும் வண்டியைச் சுற்றிப்போக நேரமில்லாமல் அதன் மேலாகவே தாண்டி, ஊரார் பாடிய ஆற்றலனைத்தும் ஒருசேரக் காலில் இறங்கினாற்போல் ஓடி, வெள்ளைக் கோட்டில் அவன் வலக்கால் பதியவும் ஹாரன் அடிக்கவும் சரியாய் இருந்தது. பின்னால் பாதித் தூரத்தில், டக், டக் என்று ஆஸ்பி வந்துகொண்டிருந்தான்.

கோச் டில்லார்ட் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். "ஆஸ்பி! நாலு வருஷமா ஒருநாள் நீ லேட்டா வந்ததில்ல. இன்னிக்கு என்னய்யா?"

"சட்டை மாட்டிக்கிச்சு கோச்."

யாருடைய சட்டை என்று சொல்லவில்லை. தெரன் துள்ளி முன்னே வந்து உண்மையை உரைக்க வாயைத் திறந்தான். வாயிலோ பல்லுக்கு மாட்டிய ரப்பர். "ம்ம்ஃப் வ்வ்ஃப்!" என்ற அவன் பெரும்பிரகடனம் யாருக்கும் விளங்கவில்லை. ரப்பரைப் பிடுங்கக் கை எடுத்தவனை ஆஸ்பி ஒரு பார்வை பார்த்தான். கை இறங்கிவிட்டது.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் கோச். சொல்லும்போது ஆஸ்பி முகத்தை அவர் பார்க்கவில்லை. "சனிக்கிழமை உனக்கு பெஞ்சு."

அதன் பின் பயிற்சி ஆட்டம். இடப்பக்கம் ஓட வேண்டிய தெரன் வலப்பக்கம் ஓடினான். பந்து இடப்பக்கம் பறந்தது. தவறை உணர்ந்தவன், ஓடிய ஓட்டத்திலேயே திரும்பி, மூன்று தடுப்பாளர்களின் தலைக்கு மேலே எழும்பி, வானத்தில் ஒரு கையை நீட்டி, மாங்காய் பறிப்பவன்போல் அப்பந்தைப் பறித்துக்கொண்டு இறங்கினான். மைதானம் அதிர்ந்தது. வேலிக்கு வெளியே நின்ற ஓபல் அக்கா, பொரித்துக்கொண்டு வந்த மீனைக் கீழே போட்டுவிட்டு, "கத்துக்கிட்டான்! பய கத்துக்கிட்டான்!" என்று அலறினாள். ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை என்பது கோச்சுக்கும் ஆஸ்பிக்கும் எனக்கும் தெரியும். ஆனாலும் என்ன, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. சனிக்கிழமைக்கு அவன்தான் என்று அங்கேயே முடிவாயிற்று.

வெற்றிவாகை சூடிய அந்நெடுங்கை நாயகனை, தாவுதாள் தெரனை, மூன்று தொப்பித் தாய்மாரின் திருமகனை, படையே தோள்தட்டி ஆர்ப்பரித்து உடைமாற்றும் அறைக்கு அழைத்து வந்தது. ஆர்ப்பரித்தவரெல்லாம் ஒருவர் முதுகை ஒருவர் இழுத்து, உரித்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்கள். எண்பத்தாறாம் லாக்கருக்கு முன்னே, முழங்கால்மேல் ஐஸ் பையை வைத்து, தரையைப் பார்த்தபடி ஆஸ்பி உட்கார்ந்திருந்தான். தெரன் ஜெர்சி கழற்றாமலே அவன் முன்னே போய் நின்றான்.

"என்னடா?"

"கோச்சுகிட்ட நான் போய்ச் சொல்லிர்றேண்ணே."

"நீ சொன்னா அவரு நம்மள ரெண்டு பேரையும் ஒக்கார வச்சிருவாரு. ஒங்கம்மா வருது, வேலயப் பாரு. வேற என்ன?"

தெரன் மெல்லத் திரும்பி, முதுகைக் காட்டினான்.

ஆஸ்பி ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஜெர்சியைக் கழற்றிவிட்டான்.