ஐஸ்பெட்டி அண்ணனும் ஒரு சுறுமை மீனும்

பெட்ரோல் சூடாகிவிடக் கூடாது என்பதற்காகத் தன் சுகதுக்கம் அத்தனையையும் தியாகம் செய்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அந்த ஒருவர் போர்ட் பிளேரில், குட்வில் எஸ்டேட்டில், எனக்கு எதிர்வீட்டில் இருக்கிறார். அவருக்குப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அது அவருடைய ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் ஐஸ்பெட்டி அண்ணன்.

அரசு அலுவலகத்தில் கிளார்க். மெயின்லேண்டில் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். அன்றோடு அவர் வீட்டில் நிம்மதி போயிற்று. ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்தபோது, அண்ணி தெர்மாமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டுக் கஷாயம் போடப் போனார். திரும்பி வந்தால் படுக்கை காலி. அண்ணன் போர்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் நின்று, தெர்மாமீட்டரை நூலில் கட்டிப் பெட்ரோல் டாங்கிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்குன்னா மாத்திரை இருக்கு. இதுக்கு யாரு மாத்திரை குடுப்பா?" என்றாராம்.

அப்படி அந்தக் காருக்கு என்னதான் வியாதி என்று ஒருநாள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"தம்பி, டர்போ என்ன பண்ணும்? காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும். அதுக்கு ஈடா பெட்ரோலும் ஜோரா வரணும். அதனால பம்ப் எப்பவும் தேவைக்கு மேலதான் அனுப்பும். இன்ஜின் குடிச்சது போக மிச்சம், அங்க இருக்கிற சூட்டையெல்லாம் வாங்கிக்கிட்டு டாங்கிக்கே வாபஸ் வரும். பழைய சோத்துப் பானையில சுடுசோத்தைக் கொட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்?"

"கெட்டுப்போகும்."

"அவ்ளோதான், அதான் விஷயம். சூடான பெட்ரோல் குழாய்க்குள்ளயே குமிழ் விடும். மேடு ஏறும்போது வண்டி இருமும்."

இதற்கு அவரே கண்டுபிடித்த வைத்தியம்தான் ஐஸ்பெட்டி. மீன்காரர்கள் வைத்திருக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றை டிக்கியில் வைத்தார். உள்ளே செம்புக் குழாயை ஜிலேபி போலச் சுற்றி, மேலே ஐஸ் நிரப்பினார். இன்ஜினிலிருந்து திரும்பும் பெட்ரோல் அதற்குள் குளித்துவிட்டுத்தான் டாங்கிக்குள் நுழைய வேண்டும். எங்கள் காலனியில் அவ்வளவு சுத்தபத்தமாக வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் வேறு யாரும் கிடையாது.

அப்போது எனக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தார்கள். வரன்கள் தட்டித் தட்டிப் போய், தலைமுடியும் அவற்றோடு போய்க்கொண்டிருந்த நேரம். மாயாபந்தரில் ஒரு பெண் இருப்பதாகப் போட்டோ வந்தது. பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் அப்பாவோ போனில் கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியத்துக்குள் வந்து பேசினால் சரி, சாயங்காலம் டிக்ளிபூரிலிருந்து வேறு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். என் பெற்றோர் மெயின்லேண்டில் இருந்தார்கள். எனக்குப் பெரியவராக வரச் சம்மதித்தவர் ஐஸ்பெட்டி அண்ணன்தான்.

"பஸ்ல போனா சட்டை கசங்கிடும் தம்பி. நம்ம கார்லயே சலோ."

சட்டை கசங்கவில்லை, ஊறிவிட்டது. ஏசி போட்டால் இன்ஜின் பக்கம் சூடு கூடுமாம், அதனால் போடவில்லை. பழங்குடிகள் வாழும் காட்டுவழியில் எல்லா வண்டிகளும் கான்வாயாக ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. அந்தப் பயத்தில் அண்ணன் கண்ணாடியைக்கூட இறக்கவிடாமல் இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஓட்டினார். எனக்கு வேர்த்து ஊற்றியது. பெட்ரோல் ஜில்லென்று பயணம் செய்தது.

காட்டைத் தாண்டி, காரைப் படகில் ஏற்றி இறக்கி, ரங்கத்தை நெருங்கும்போது ஒரு மேட்டில் கார் இருமியது. டிக்கியைத் திறந்தால் பெட்டியில் வெந்நீர். ஊர்ந்து ஊர்ந்து சந்தைக்குப் போனோம். ஐஸ் வைத்திருந்தவர் ஒரே ஒரு மீன்காரர்.

"பாய், தோடா பரஃப் தே தோ," என்று கொஞ்சம் ஐஸ் கேட்டார் அண்ணன்.

மீன் வாங்கினால்தான் ஐஸ் என்றார் அவர். ஐஸை விற்றுவிட்டால் என் மீனெல்லாம் எதன்மேல் படுக்கும் என்று இந்தியில் கேட்டார். நியாயமான கேள்விதான். அண்ணன் பேரம்கூடப் பேசாமல் கை நீளத்துக்கு ஒரு சுறுமையை, அதாவது வஞ்சிரத்தை, வாங்கி, ஐஸோடு சேர்த்துச் செம்புக் குழாய்மேல் படுக்க வைத்தார். அதன்பிறகு கார் பறந்தது.

பெண் வீட்டு வாசலில் அவள் அப்பா நின்றிருந்தார். கறுப்பு வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துளசி மணி. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கார்த்திகை மாதம் என்பதே எங்களுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாங்கள் இறங்குவதற்கு முன்பே மீன் வாடை இறங்கிப்போய் அவரைக் கும்பிட்டுவிட்டது.

"வாங்க சாமி," என்றார், மூக்கைப் பொத்திக்கொண்டு. "டிக்கியில என்ன?"

"அது வந்து... பெட்ரோல் ஆறுறதுக்காக..." என்றேன். என் காதுக்கே அது பொய்யாகத்தான் கேட்டது.

"மாலை போட்ட வீட்டுக்கு மீனோட பொண்ணு பாக்க வந்தவங்களை இப்பத்தான் சாமி பாக்குறேன்."

எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. டிக்ளிபூர்க்காரன் மாலையும் கழுத்துமாக நிற்பது நன்றாகத் தெரிந்தது.

அண்ணன் டிக்கியைத் திறந்தார். குழாயைக் கழற்றினார். மீனும் ஐஸுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். சைக்கிளில் போன யாரோ ஒருவரை நிறுத்தி, பெட்டியோடு அவர் தலையில் கட்டிவிட்டு வந்தார். ஒரு துண்டு ஐஸ்கூடத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, பெட்ரோல்?"

"சூடானா ஆகட்டும். என்மேல வாடை அடிக்குது, நான் வரல. நீ கை கழுவிட்டு உள்ள போ."

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன். காபி கொண்டுவந்த பெண் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் ஜன்னலைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயிலில் அண்ணன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கமுகம்பாளை ஒன்றால் பெட்ரோல் டாங்கிக்கு விசிறிக்கொண்டிருந்தார். அவ்வப்போது அதைத் தட்டிக்கொடுத்து ஏதோ ஆறுதல் சொன்னார். பெண் பொத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். மாலை போட்ட சாமியின் மீசையும் ஆடியது.

"அவரு உங்களுக்கு யாரு?" என்று கேட்டாள்.

எதிர்வீட்டுக்காரர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எங்க அண்ணன்," என்று வந்தது.

சற்றுநேரத்தில் சாமி உள்ளே போய் டிக்ளிபூருக்குப் போன் போட்டார்.

இப்போது எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு ட்ரே ஐஸ் எப்போதும் நிறைந்தே இருக்கிறது. நான் சர்பத்துக்குக் கேட்டால்கூட என் மனைவி தொடவிடமாட்டாள். அது அண்ணனுக்கு.