குப்பிக்குப் பொட்டு வைத்த கதை

எம்.எஸ்ஸி. படித்தவன் பக்தியில் இறங்கிவிட்டால் அவனை யாராலும் காப்பாற்ற முடியாது. நானே சாட்சி.

கூடப் படித்தவனெல்லாம் சாஃப்ட்வேரில் சேர்ந்து குகட்பள்ளியில் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், நான் அதே ஹைதராபாத்தில் ஒரு லேபில் மண்ணை எடை போட்டுக்கொண்டிருந்தேன். மண்ணைச் சின்ன பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து வெளியூர் அணு உலைக்கு அனுப்புவோம். நியூட்ரான் பட்டுத் திரும்பும் குப்பியை அப்படியே கருவியில் வைத்தால், எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லிவிடும். துளியூண்டு இருந்தாலும் பிடித்துவிடும் (எங்கள் ஹவுஸ் ஓனரம்மாவுக்கு அடுத்தபடியான மோப்பம்).

அந்த வருஷம் எங்கள் தரத்தைச் சோதிக்க, மேலிடத்திலிருந்து ஒரு மண் வந்தது. அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சொன்னால் லேபுக்கு அங்கீகாரம், எனக்கு வேலை நிரந்தரம். மூன்று வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்து அலுத்துப்போயிருந்தேன்.

குப்பிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிய அன்று ஆயுத பூஜை. தராசுக்குப் பொட்டு வைத்தேன், கம்ப்யூட்டருக்கு வைத்தேன். ஆஞ்சநேயர் கோயில் செந்தூரம் இன்னும் மிச்சமிருந்தது. கை சும்மா இருக்குமா? குப்பிக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன்.

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த டெக்னீஷியன் செல்வராஜ் அண்ணன் பதறிப்போனார். “நக்கோ தம்பி, வேணாம்! இப்பதானே துடைச்சோம்? குடுங்க, அழிச்சுடறேன்.”

“சாமி பொட்டை அழிக்கிறதா? வெளியிலதானேண்ணே வச்சிருக்கேன்!”

அவர் தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை மூடினார்.

ஒரு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. எல்லாவற்றிலும் பாதரசம். நம் கை சுத்தமா என்று பார்ப்பதற்காகவே கூட அனுப்பும் காலிக் குப்பியிலும் பாதரசம்!

லேப் தலைவர் ராவ் சார் அந்தக் காலிக் குப்பியைக் காட்டித் தெலுங்கில் கேட்டார்: “இந்த ஆரஞ்சு என்ன?”

“பொட்டு சார்.”

“யாருக்கு?”

“குப்பிக்கு.”

மனுஷன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. செந்தூரம் என்பதே பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதான் என்பது எம்.எஸ்ஸி. படித்த எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அங்கீகாரம் ஒரு வருஷம் தள்ளிப்போனது; என் நிரந்தரமும்தான். ‘தவறுக்கான காரணம்’ என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னார். ‘பக்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செய்முறைப் புத்தகத்தில் ஒரு விதியும் ஏறியது: ‘மாதிரிகளுக்குப் பொட்டு வைக்கக் கூடாது.’

என் மனைவி இதை மகளிடம் வேறு சொல்லித் தொலைத்திருக்கிறாள். பரீட்சைக்குக் கிளம்புகிறவளுக்கு விபூதி பூசப் போனால், இரண்டு கையாலும் நெற்றியைப் பொத்திக்கொண்டு ஓடுகிறாள்.

“வேணாம்ப்பா! ரிசல்ட் தப்பா வந்துடும்!”