ஒரு வரி கீழே

"தம்பி, நான் 'சம்மதம்'னு அமுக்குறேன், அது 'பிறகு பார்க்கலாம்'னு அனுப்புது. ஆவூர் இன்னாசி எதிர்ல வந்து உக்காந்திருக்கார். என்ன பதில் சொல்ல?"

புதுக்கோட்டையில் திருமணத் தகவல் மையம் நடத்தும் சிவரஞ்சனி போனில் கேட்டாள். அந்த மென்பொருளை எழுதிய செம்மலுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"என் லேப்டாப்ல சரியா வேலை செய்யுதே அக்கா. மவுஸை மாத்துங்க."

மவுஸ் மாறியது. கோளாறு மாறவில்லை.

"அப்ப ஒங்களுக்குக் கண்ணுதான் தெரியல. எழுத்தை இன்னும் பெருசாக்குங்க."

பெரிதாக்கினாள். இப்போது 'சம்மதம்' என்று அமுக்கினால் இரண்டு வரி தள்ளி 'நீக்கு' என்பது வேலை செய்தது. இன்னாசியின் மகள் திரையிலிருந்தே போய்விட்டாள்.

"மாப்பிள்ளை கேட்டு வந்தேன்," என்றார் இன்னாசி நிதானமாக. "இப்பப் பொண்ணும் இல்லைங்கிறீங்க."

செம்மல் நேரில் போகவேண்டியதாயிற்று. தட்டவும் முடியாது. மென்பொருளைப் போட்டுக்கொடுத்த கையோடு தன் ஜாதகத்தையும் கொடுத்து, இந்த மையத்தின் மூலமாகத்தான் போன தையில் இளமதியைக் கட்டியிருந்தான்.

வந்ததும் மையத்தில் வேலை பார்க்கும் இலக்கியாவை எழுப்பிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தான். "மவுஸை இப்படிப் பிடிக்கணும்மா. பதறாம அமுக்கணும். பாத்துக்க."

பதறாமல் அமுக்கினான். மாப்பிள்ளையும் காணாமல் போனார்.

"சார் வேலைக்குப் புதுசா?" என்று இன்னாசி கேட்டார்.

காது சிவக்க மென்பொருளைக் குடைந்ததில் விஷயம் பிடிபட்டது. எழுத்து பெரிதானால் மெனுவின் வரிகள் கீழே இறங்குகின்றன. மென்பொருளோ அவை பழைய இடத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. அதைத் திருத்தினான். பொண்ணையும் மாப்பிள்ளையையும் மீட்டான். சம்மதம் சம்மதமாகவே போனது. இன்னாசி கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

"தம்பி, நான் ஆரம்பத்துலேர்ந்தே பெரிய எழுத்துத்தான வச்சிருக்கேன்," என்றாள் சிவரஞ்சனி மெதுவாக. "அப்ப இத்தன நாளா 'வேண்டாம்'னு அமுக்குனதெல்லாம் என்ன ஆச்சு?"

"ஒரு வரி கீழ. 'சம்மதம்'னு போயிருக்கும்."

"ஆத்தாடி. சம்மதிச்சவங்கள எல்லாம் காக்கவச்சுட்டு, வேண்டாம்னவங்களுக்கா கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன்?"

செம்மலுக்கு அடக்க முடியவில்லை. "கட்டுனவங்க யாராச்சும் வந்து சண்டை போட்டாங்களா?"

"இல்லையே."

"அப்ப விடுங்கக்கா. அப்பா ஒத்துக்கிட்டார்னு பொண்ணு நெனச்சிருக்கும், பொண்ணு ஒத்துக்கிச்சுன்னு அப்பா நெனச்சிருப்பார். வேண்டாம்னு சொன்னவ கழுத்துல தாலியக் கட்டிட்டு எவனோ மீசைய முறுக்கிக்கிட்டுத் திரியிறான். அவனுக்குத் தெரியவா போகுது?" சிரித்துச் சிரித்து அவனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

இலக்கியா மட்டும் சிரிக்கவில்லை.

"இளமதி அக்கா அன்னைக்கு எங்கிட்ட வேண்டாம்னுதான் சார் சொன்னாங்க."