எலியண்ணாச்சியும் ஏழாம் நம்பரும்

திருவனந்தபுரத்திலேயே எலிகளுக்கு ‘குட்மார்னிங்’ சொல்லி, பதில் வரும்வரை காத்து நின்ற ஒரே மனிதர் எலியண்ணாச்சிதான்.

எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலிகளைப் பராமரித்தவர். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர்களைக் கூண்டறைக்குள் விடமாட்டார். எலிகளுக்கு மனசு கலங்குமாம். கணக்கெடுக்கும் உதவியாளனான நான் முதல் மாதத்திலேயே மூன்று முறை வாசலில் நின்றேன். மல்லிகை சென்ட் பூசி வந்த அதிகாரி ஒருவரைக் குளித்துவிட்டு வரச் சொன்னார். அவரும் போய்க் குளித்துவிட்டு வந்தார்.

ஆய்வு இதுதான். கூண்டிலுள்ள விசையை அழுத்தினால் எலியின் ரத்தத்தில் துளி போதைமருந்து ஏறும். பழகிய எலி ஓயாமல் அழுத்தும். அந்த ஆசையைக் குறைக்க, ஆய்வை நடத்திய மேடம் ஒரு புது மருந்து கொடுத்துப் பார்த்தார். முதல் வாரமே அழுத்தல்கள் பாதிக்கும் கீழே இறங்கின. மேடம் லட்டு வாங்கி வந்தார். முடிவு நன்றாக வந்தால் என் ஒப்பந்தமும் நீளும் என்பதால், நான் இரண்டு தின்றேன்.

அண்ணாச்சி தொடவில்லை.

“ஏழாம் நம்பரு எலி காலைலேருந்து மூஞ்சிகூட கழுவல்ல மேடம். ஆசை குறையல்ல. ஆளே குறைஞ்சு கிடக்கு.”

மேடத்தின் முகம் சுருங்கியது. நான் அண்ணாச்சியைத் தனியே இழுத்துப் போய், ஒரு வாரம் பேசாமலிருக்கும்படி கெஞ்சினேன். என் வேலை போய்விடும் என்றேன்.

“உனக்க வேலை போனா வேற கிட்டும். இந்த மருந்தை நாளைக்கு யாருக்க பிள்ளையாவது திங்கும்.”

மறுநாள் மேடம் போதைக்குப் பதில் சர்க்கரைத் தண்ணீர் வைத்துப் பார்த்தார். எலிகள் அதற்கும் அசையவில்லை. மருந்து அவற்றை வெறுமனே மயக்கிப் போட்டிருந்தது. லட்டு டப்பா மூடப்பட்டது. மருந்தின் அளவைக் குறைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். நான் அண்ணாச்சியிடம் பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து எலிகள் போதை விசையைப் பெரிதாகச் சீண்டவில்லை. சர்க்கரைத் தண்ணீருக்கு மட்டும் அடித்துக்கொண்டன. ஏழாம் நம்பர் காதுவரை முகம் கழுவியது. என் ஒப்பந்தமும் நீண்டது.

அண்ணாச்சி ஓய்வு பெற்ற அன்று அவரைத் தம்பானூர் பஸ் நிலையத்தில் நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட்டேன். பஸ் திரும்பி மறைந்த பிறகும் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. அடுத்த நாகர்கோவில் பஸ் என் முன்னால் வந்து நின்றது. பஸ்ஸை நிறுத்தக் கை காட்டவில்லை என்று டிரைவரிடம் சொல்ல எனக்குச் சற்று நேரமாயிற்று.